கடல் கேள்வி பதில்: கிளம்பும் நாளை யார் குறிப்பது?

நானும் என் கணவரும் 2007 செப்டம்பரில் 34 அடி நீளமுள்ள பாய்மரப் படகில் கிளம்பி, ஒன்பது ஆண்டுகள் அதிலேயே குடியிருந்தோம். மூன்று பெருங்கடல்களைக் கடந்தோம். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. கேட்பவர்களில் பலர் உண்மையாகவே கிளம்பப் போகிறவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆகவே, கையால் செய்து பார்த்ததையும் கண்ணால் கண்டதையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஓய்வு பெறப்போகும் பொறியாளர் ஒருவர்: *படகு வாங்கிவிட்டேன். இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து பிஸ்கே விரிகுடாவைக் கடந்து கேனரி தீவுகள், பிறகு அட்லாண்டிக், அப்படியே உலகைச் சுற்றுவதாகத் திட்டம். அடுத்த ஆண்டு செப்டம்பர் 20 என்று நாள் குறித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அதற்குள் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?*

ஐயா, முதலில் அந்தத் தேதியை அழித்துவிடுங்கள். நீங்கள் போகப்போகும் அதே வழியில், அதே மாதத்தில், தேதி குறித்துக் கிளம்பியவர்கள் நாங்கள்.

ஜூலையில் புறப்படுவதாக இருந்தோம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றித் தருவதாகச் சொன்ன பட்டறை ஆறு வாரம் இழுத்தடித்தது. அதற்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. நண்பர்கள் செப்டம்பர் 27 என்று நாள் பார்த்து வழியனுப்ப வந்துவிட்டார்கள். அன்று காலை வானிலை அறிக்கை, இரண்டு நாள் நல்ல காற்று, மூன்றாம் நாள் மேற்கிலிருந்து தாழ்வழுத்தம் என்றது. ஃபால்மத்திலிருந்து ஸ்பெயினின் லா கொருன்யா ஏறத்தாழ 450 கடல் மைல். எங்கள் படகு ஒரு நாளில் 120 மைல் ஓடும். நான்கு நாள் வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் துறையில் நாற்பது பேர் கை அசைத்துக்கொண்டு நிற்கும்போது "இன்று வேண்டாம்" என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு தென்மேற்குக் காற்று 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) வேகத்தைத் தொட்டது. பிஸ்கேயில் பயப்பட வேண்டியது காற்றுக்கு மட்டுமல்ல. 4,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல், கண்டத் திட்டின் விளிம்பில் திடீரென்று 200 மீட்டருக்கும் குறைவாக மேடேறுகிறது. அட்லாண்டிக்கைக் கடந்து வரும் நீண்ட அலைகள் அந்த விளிம்பில் இடறிச் செங்குத்தாக எழும்புகின்றன. நாங்கள் இருந்தது ஆழத்தில்தான். ஆனால் காற்று எங்களை அந்த விளிம்பை நோக்கித்தான் தள்ளிக்கொண்டிருந்தது. முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் பூட்டி, படகைக் கிடப்பில் போட்டோம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதால் படகு ஓடாமல், அலைக்குச் சற்றுச் சாய்வாக நின்று மெதுவாக ஒதுங்கும். முப்பது மணி நேரம் அப்படியே கிடந்தோம். 45 மைல் பின்னுக்கு ஒதுங்கியிருந்தோம்.

அதற்கு நடுவில் என்ஜினை ஓட்டிப் பேட்டரியை ஏற்றலாம் என்று பார்த்தால், ஐந்தாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. டீசல் தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த கசடு, அந்த ஆட்டத்தில் கலங்கி மேலெழுந்து வடிகட்டியை அடைத்துவிட்டது. கணவர் தலையை என்ஜின் அறைக்குள் விட்டுக்கொண்டு வடிகட்டியை மாற்ற, நான் ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் வாளியுமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வடிகட்டியும் ஒரு மணி நேரத்தில் அடைத்தது. கையிருப்பு மூன்றுதான்.

தொட்டியைத் திறந்து கழுவுவது எங்கள் வேலைப் பட்டியலில் இருந்தது. "போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பகுதியில் எழுதியிருந்தோம். ஜன்னல் திரைச்சீலையை மட்டும் தைத்து முடித்திருந்தோம்.

ஆகவே, எதை முடிக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தண்ணீர் உள்ளே வரும் வழிகள், பாய்மரத்தை நிறுத்தும் கம்பிகள், சுக்கான், படகுக்குள் சேரும் நீரை இறைக்கும் பம்பு, டீசல் தொட்டி, நங்கூரம். இவை ஆறும் முடியாமல் துறையை விட்டு வெளியே போகக்கூடாது. அடிப்பலகையில் உள்ள ஒவ்வொரு துளையின் வால்வையும் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவுக்குச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு உடைந்தால் அடித்து அடைக்க வேறு எதையும் தேட நேரம் இருக்காது. கம்பிகளின் வயது தெரியாவிட்டால், பத்து ஆண்டு ஆனதாகவே எண்ணி மாற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் முடியாத வேலையாகவே இருக்கட்டும். படகில் வேலை தீர்ந்த நாள் என்று ஒன்பது ஆண்டில் எங்களுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை.

தேதி வேண்டாம் என்றேன். ஆனால் பருவம் கட்டாயம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வட அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் இறுதி வரை. அதனால்தான் கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போகிற படகுகள் நவம்பர் பிற்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. சுமார் 2,700 மைல், எங்களுக்கு 24 நாள். வடகிழக்கு வணிகக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டே போகும். 1492 செப்டம்பரில் கொலம்பஸ் லா கோமேராவிலிருந்து பிடித்ததும் இதே காற்றைத்தான். அங்கிருந்து பனாமா கால்வாயைப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தாண்டினால், தென்பசிபிக்கில் புயல் ஓய்கிற ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தீவு தீவாகப் போக நேரம் கிடைக்கும். நவம்பருக்குள் வெப்பமண்டலத்தை விட்டு நியூசிலாந்துப் பக்கம் இறங்கிவிட வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பாதியைக் கடப்பவர்கள் கோகோஸ் கீலிங், ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ் வழியாக நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடையப் பார்ப்பார்கள். ஆக, நீங்கள் பிஸ்கேயைத் தாண்ட வேண்டியது ஜூலை, ஆகஸ்டில். செப்டம்பர் 20க்கு அங்கே வானம் மாறத் தொடங்கியிருக்கும். வேலை முடியவில்லையா, அந்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த கோடையில் போங்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் துறையில் கட்டிக் கிடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பருவம் வந்த பிறகும் நாளை வானிலைதான் சொல்ல வேண்டும். பிஸ்கேயில் படித்த பாடத்தை நாங்கள் டர்பனில் பயன்படுத்தினோம். அங்கே அகுல்லாஸ் நீரோட்டம் கரையை ஒட்டித் தென்மேற்காகப் பாய்கிறது. தென்மேற்குக் காற்று அதற்கு எதிராக வீசினால், கப்பல்களையே முறிக்கும் அலைகள் எழும். அடுத்த துறையான ஈஸ்ட் லண்டனுக்கு ஏறத்தாழ 250 மைல், நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். தினமும் காலையில் காற்றழுத்தமானியைப் பார்ப்பது, வரைபடத்தைப் பார்ப்பது, படகுக்குத் திரும்பி ஏதாவது வார்னிஷ் பூசுவது. பதின்மூன்றாம் நாள் விடியலில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. பக்கத்துப் படகுகள் ஆறும் எங்களோடு சேர்ந்து கயிற்றை அவிழ்த்தன. கரையில் கை அசைக்க யாரும் இல்லை. 38 மணி நேரத்தில் ஈஸ்ட் லண்டன்.

உங்கள் நண்பர்களிடம், வழியனுப்பும் விருந்தைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வைக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு சத்தமில்லாமல் காத்திருந்து, ஒரு நல்ல காலையில் போய்விடுங்கள்.

கல்லூரி மாணவி: *நடுக்கடலில் இரவானால் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்குவீர்களா?*

இல்லை அம்மா. நங்கூரச் சங்கிலி, நீரின் ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு வேண்டும். எங்களிடம் இருந்தது 60 மீட்டர். பெருங்கடலின் சராசரி ஆழம் மூவாயிரத்து அறுநூறு மீட்டருக்கும் மேல். படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுக்கானைப் பெரும்பாலும் காற்றாலேயே இயங்கும் ஒரு தகடு பிடித்துக்கொள்ளும். விண்ட் வேன் என்பார்கள். மின்சாரம் வேண்டாம், தூக்கம் வராது, புலம்பாது. நாங்கள் அதை மூன்றாவது ஆள் என்றே எண்ணினோம்.

ஆனால் கண் வேண்டும். சர்வதேசக் கடற்போக்குவரத்து விதிகளில் ஐந்தாவது, எந்நேரமும் சரியான காவல் இருக்க வேண்டும் என்கிறது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கப்பலின் முகப்பு விளக்கு குறைந்தது ஆறு மைல் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பது விதி. அந்தக் கப்பல் 20 நாட் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, நாம் 5 நாட் வேகத்தில் அதை நோக்கிப் போகிறோம். விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து 15 நிமிடம்கூட இல்லை. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தொடுவானத்தை முழுச் சுற்றுப் பார்ப்போம். நான் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, அவர் பன்னிரண்டிலிருந்து மூன்று, மறுபடி நான் மூன்றிலிருந்து ஆறு. சமையலறை மணி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வேன். ஏ.ஐ.எஸ். கருவி, அதே கருவி வைத்திருக்கும் கப்பலின் பெயரையும் அது எவ்வளவு நெருங்கிக் கடக்கும் என்பதையும் காட்டும். ஆனால் எல்லாப் படகிலும் அந்தக் கருவி இருக்காது. மிதக்கும் மரக்கட்டையிலும் இருக்காது.

அந்த மூன்றிலிருந்து ஆறு வரையான காவல்தான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பிடித்த நேரம். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அதற்காக மறுபடி போவேன்.

தனியார் நிறுவன ஊழியர்: *எத்தனை அடிப் படகு வாங்கலாம்? 45 அடிக்குக் குறைந்தால் பெருங்கடலுக்கு ஆகாது என்கிறார்களே?*

ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898 ஜூனில் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய 'ஸ்ப்ரே' 36 அடி 9 அங்குலம். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் 312 நாளில் சுற்றிவந்து 1969 ஏப்ரலில் கரை சேர்ந்த 'சுஹைலி' 32 அடிதான். ஆகவே, கடலுக்கு அந்த அளவு போதும்.

பெரிய படகில் வேகம் உண்டு, இடம் உண்டு. ஆனால் நீளம் கூடக்கூட எடையும் பாயின் பரப்பும் அதைவிட வேகமாகக் கூடும். இரவு இரண்டு மணிக்கு, மழையில், உங்களில் பலம் குறைந்தவர் தனியாக நின்று பெரும்பாயைச் சுருக்க முடிகிற படகுதான் உங்கள் அளவு. வாங்குவதற்கு முன் அந்த ஒருவரைத் தனியாக ஏற்றி, அந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை, படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்று கடலோடிகள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். எங்கள் அனுபவத்திலும் அது பொய்க்கவில்லை.

ஒரு வாசகி: *என் கணவருக்குக் கடல்தான் எல்லாம். அடுத்த ஆண்டு கிளம்பியே தீர வேண்டும் என்கிறார். எனக்கு அவரோடு இருக்க ஆசை. கடலில் இருக்கப் பயம். என்ன செய்வது?*

தங்கையே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நம்மைப்போன்ற பெண்களுக்குக் கடலில் வருகிற பயத்தில் பெரும்பங்கு அலையைப் பற்றியது அல்ல. "இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு இந்தப் படகை நிறுத்தக்கூடத் தெரியாதே" என்பதுதான் அது. எனக்கு அப்படித்தான் இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குத் தைரியம் சொல்லி மருந்து போட முடியாது. வேலை தெரிந்தால்தான் அது போகும்.

கணவரிடம் கற்காதீர்கள். எத்தனை நல்லவரானாலும், கயிறு சிக்கிய உடனே கையிலிருந்து பிடுங்கி அவரே செய்துவிடுவார். அவர் இல்லாத படகில், வேறொரு பயிற்சியாளரிடம் ஒரு வாரம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அதன்பிறகு இதைச் செய்யுங்கள்: அமைதியான நாளில் அவரைக் கீழே படுக்கையில் படுக்க வையுங்கள். வாயைத் திறக்கக்கூடாது. தண்ணீரில் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, நீங்களே படகைத் திருப்பி, அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எடுங்கள். பிறகு வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் முதல் தடவை மிதவையை எடுக்க 40 நிமிடம் ஆனது. பத்தாவது தடவை ஆறு நிமிடம். அன்று இரவுதான் கணவரிடம் "சரி, போகலாம்" என்றேன்.

இத்தனைக்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால், அதையும் சொல்லிவிடுங்கள். பெருங்கடலைக் கடக்கும்போது அவர் நண்பர்களை ஏற்றிக்கொள்ளட்டும். நீங்கள் விமானத்தில் போய்த் தீவுகளில் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அப்படி மகிழ்ச்சியாக இருந்த குடும்பங்களை ஒவ்வொரு துறையிலும் பார்த்திருக்கிறேன். கட்டாயத்தில் வந்து, முதல் பெருங்கடலைக் கடந்ததும் படகை விற்றுவிட்டுப் பிரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் காவலர்: *பாதுகாப்புக்குத் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?*

வேண்டாம். நுழைகிற ஒவ்வொரு நாட்டிலும் அதை அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் ஒப்படைத்துவிட்டு, புறப்படும்போது அதே துறைமுகத்துக்கே திரும்பி வந்து வாங்க வேண்டும். மறைத்தால் சிறை, படகும் போகும். ஆபத்தான கடற்பகுதியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. எங்கள் காலத்தில் ஏடன் வளைகுடாவில் கொள்ளையர் தொல்லை. அதனால்தான் செங்கடலை விட்டுத் தென்னாப்பிரிக்காவைச் சுற்றினோம். செங்கடல் வழி இப்போதும் உங்களுக்கு வேண்டாம் என்பேன்.

23 வயது இளைஞர்: *சொந்தப் படகு வாங்க எனக்கு இந்த ஜென்மத்தில் வழியில்லை. என்னைப்போன்றவர்கள் கனவு மட்டும்தான் காண முடியுமா?*

தம்பி, படகு இருக்கிறவர்களுக்கு ஆள் பஞ்சம். காவலுக்கு மூன்றாவது ஆள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இரவில் முழுதாக ஆறு மணி நேரம் தூக்கம். அந்தத் தூக்கத்துக்காகவே உங்களை ஏற்றிக்கொள்வார்கள். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறையில் நவம்பரில் போய் நின்றால், அட்லாண்டிக்கைக் கடக்க இருக்கும் நூற்றுக்கணக்கான படகுகளைப் பார்க்கலாம். 1986 முதல் ஆண்டுதோறும் அங்கிருந்து படகுகள் கூட்டாகக் கிளம்புகின்றன. பயணத்தில் சேர ஆள் தேடும் அறிவிப்புகளும், இடம் தேடும் இளைஞர்களின் அறிவிப்புகளும் துறைச் சுவரில் ஒட்டியிருக்கும்.

அதற்கு முன் மூன்று விஷயம் கற்றுக்கொண்டு போங்கள்: சமையல், டீசல் என்ஜின், ஊசி நூலால் பாய் தைப்பது. "எனக்குப் பாய் ஓட்டத் தெரியும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. "உங்கள் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றித் தருகிறேன்" என்று சொல்கிறவனைப் படகுக்காரர் உடனே உள்ளே கூப்பிடுவார். ஆனால் ஏறுவதற்கு முன் நீங்களும் அவரைச் சோதியுங்கள். உயிர்காப்பு மிதவை கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். கோபப்பட்டால், அந்தப் படகு வேண்டாம். இரண்டு நாள் கரையோரமாகச் சேர்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடவுச்சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் இன்னொருவர் பெட்டியில் பூட்டி வைக்கக் கொடுக்காதீர்கள்.

இல்லத்தரசி: *பசிபிக்கில் மூவாயிரம் மைலுக்குக் குடிநீர் எப்படிக் கொண்டு போவது?*

கலாபகோஸ் தீவிலிருந்து மார்கேசஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3,000 மைல். எங்களுக்கு 24 நாள் ஆனது. ஆனால் காற்று செத்துப்போனால் 35 நாளும் ஆகலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர், இரண்டு பேருக்கு 35 நாளைக்கு 210 லிட்டர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வோம். ஒரே தொட்டியில் வைக்கக்கூடாது. இரண்டு தொட்டியும் சில கேன்களும். ஒன்றில் கடல்நீர் கலந்துவிட்டாலும் மற்றது பிழைக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி நல்லதுதான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. குளியல், பாத்திரம் கழுவுவது எல்லாம் கடல்நீரில்தான். கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர்.

இன்னொன்று, அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும். டப்பாக்களின் காகிதச் சீட்டைக் கிழித்துவிட்டு மூடியில் மையால் எழுதிவையுங்கள். ஈரத்தில் சீட்டு உரிந்து பம்பை அடைக்கும்.

வங்கி ஊழியர்: *கார் பயணத்திலேயே எனக்கு வாந்தி வரும். கடலை மறந்துவிட வேண்டியதுதானா?*

மறக்க வேண்டாம். ஒன்பது ஆண்டும் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்தின் முதல் இரண்டு நாள் எனக்கு வாந்திதான். மூன்றாம் நாள் பசி எடுக்கும். பெரும்பாலோருக்கு அப்படித்தான். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முந்தைய இரவே தொடங்க வேண்டும். வந்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. அந்த மாத்திரை உங்களைத் தூங்க வைக்கிறதா என்று கரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்ப்பது உதவும். முடியாவிட்டால் படகின் நடுவில், தாழ்வான இடத்தில் கண்ணை மூடிப் படுத்துவிடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வாய் வறளாமல் மடக்கு மடக்காகத் தண்ணீர். முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்துக்கொள்வோம். அந்த நாட்களில் அடுப்படியில் நிற்பதுதான் கொடுமை. சிலருக்கு மட்டும் ஒரு வாரம் ஆனாலும் நிற்பதில்லை. அவர்கள் பெருங்கடலுக்குப் போகக்கூடாது. நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, மூன்று இரவுகள் கரைக்கு வராமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆசிரியர் ஒருவர்: *இப்போதுதான் செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டனவே. பொத்தானை அழுத்தினால் வந்து காப்பாற்றிவிட மாட்டார்களா?*

வருவார்கள். எப்போது என்பதுதான் கேள்வி. 2018 செப்டம்பர் 21 அன்று, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த அபிலாஷ் டோமியின் படகு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் கவிழ்ந்து எழுந்தது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் படுத்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல். படகு எங்கே என்று உலகுக்கே தெரியும், விமானங்கள் மேலே வந்து பார்த்தன. பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பலான 'ஒசிரிஸ்' வந்து சேர்ந்தது 24ஆம் தேதி. மூன்று நாள். 2022இல் அதே போட்டியில் டாபியோ லெஹ்டினெனின் படகு மூழ்கியபோது, மிதவையில் ஏறத்தாழ ஒரு நாள் மிதந்தவரை எடுத்தது, சக போட்டியாளரான கர்ஸ்டன் நாய்ஷேஃபர்தான். அவ்வளவு பெரிய கடலில் எல்லோரையும்விட அருகில் இருந்தது அவர்தான்.

ஆகவே, அபாய அறிவிப்பான் கருவி கட்டாயம் வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் வகை, உங்கள் பெயரிலும் படகின் பெயரிலும் பதிவு செய்தது. கூடவே மூன்று நாள் நீங்களே உங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். அதில் முதலானது விழாமல் இருப்பது. இரவில் மேல்தளத்துக்கு வரும்போது இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டாமல் படியைத் தாண்டக்கூடாது. எங்கள் படகில் அது சட்டம். ஒரே ஒரு முறை மாட்டாமல் வந்த கணவரை நான் திருப்பி உள்ளே அனுப்பியிருக்கிறேன். அபிலாஷ் டோமி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதுகில் உலோகத் தண்டு வைத்து, மறுபடி நடக்கப் பழகி, 2022இல் அதே போட்டிக்குத் திரும்பி, 236 நாளில் சுற்றிவந்து இரண்டாம் இடம் பிடித்தார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்: *எல்லாம் தயார். இந்த நவம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்து, அடுத்த மார்ச்சில் பசிபிக். ஆனால் அப்பாவுக்கு 84 வயது. உடம்பு தேறியிருக்கிறது என்கிறார்கள். கிளம்புவது சரியா?*

இதற்கு மட்டும் என்னால் ஆலோசகராக இருந்து பதில் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2009 மார்ச்சில் கலாபகோஸிலிருந்து மார்கேசஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்போது எங்களுக்கு இருந்த தொடர்பு, சிற்றலை வானொலி வழியாக மாலையில் வரும் நாலு வரி மின்னஞ்சல். பதினோராம் நாள் மாலை தம்பியிடமிருந்து ஒரு வரி வந்தது. அம்மா காலையில் போய்விட்டாள். பின்னால் 1,300 மைல், முன்னால் 1,700 மைல். காற்றும் நீரோட்டமும் மேற்கே தள்ளுகின்றன. எதிர்த்துத் திரும்பினால் முன்னே போவதைவிட இரண்டு மடங்கு நாள் ஆகும். கணவர் வரைபடத்தில் அளந்து காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார். அன்றைய என் காவலையும் அவரே பார்த்தார். பதின்மூன்று நாள் கழித்து ஹிவா ஓவா தீவு. அங்கிருந்து தஹிதித் தீவின் பப்பீட்டிக்குச் சிறிய விமானம், பிறகு மூன்று விமானம் மாறி, பதினேழாம் நாள் வீடு. தம்பி என்னைக் குறை சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் நான் அம்மாவிடம் "போகட்டுமா" என்று கேட்டேன். ஆனால், "நீ போகும்போது நான் வர முடியாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் இல்லை. அம்மாவுக்கு அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். அவள் எதற்கும் பதில் வைத்திருப்பவள்.

நீங்கள் கேளுங்கள். தம்பி தங்கைகள் எல்லோரும் இருக்கும்போது, அப்பாவிடமே, அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். "போ" என்பாரானால், இந்த ஆண்டு பெருங்கடலைக் கடக்காமல் கரையோரமாகத் தொடங்குங்கள். மத்தியதரைக் கடலில் எங்கே இருந்தாலும் இரண்டு நாள் ஓட்டத்தில் ஒரு விமான நிலையம் கிடைக்கும். படகைப் பாதுகாப்பாக விட்டுவிட்டு வரத் துறைகளும் உண்டு. ஒரு பையில் கடவுச்சீட்டு, பணம், ஒரு மாற்றுடை ஆகியவற்றை எப்போதும் தயாராக வையுங்கள். நடக்க முடியுமென்றால், ஒரு வாரமாவது அப்பாவை அழைத்துப் படகில் உட்கார வையுங்கள். துறையில் கட்டியபடியே இருந்தாலும் பரவாயில்லை. சுக்கானை அவர் கையில் கொடுங்கள்.